பின்பாரம்: எஞ்சினைப் பின்னால் சுமக்கும் கார்களும் நம் மலை வளைவுகளும்

தேனி மாவட்டத்தில் கார் வைத்திருப்பவர் மலைப்பாதையை ஒதுக்கிவிட்டு வண்டி ஓட்ட முடியாது. போடியிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டு, கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு, கூடலூர் தாண்டி லோயர்கேம்ப் வழியாகக் குமுளி, சின்னமனூரிலிருந்து மேகமலை என்று எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும் ஒரு சாலை மலையேறுகிறது. போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேகமலைக்குப் போகும் வழியில் 18. சமவெளியில் வருடக்கணக்கில் ஓட்டியும் வெளியே வராத ஒரு வண்டியின் குணம் இந்த வளைவுகளில் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அதனால்தான் இங்குள்ள ஒர்க்‌ஷாப்புகளிலும் டாக்ஸி ஸ்டாண்டுகளிலும் வண்டிப் பேச்சு மைலேஜோடு நிற்பதில்லை. எது ஏற்றத்தில் இழுக்கும், எது இறக்கத்தில் பிரேக்கைச் சூடாக்கும், எது சாரலில் வழுக்கும் என்று ஆளுக்கொரு கணக்கு உண்டு.

அந்தப் பேச்சில் வந்துபோகும் தீர்ப்பு ஒன்று: "எஞ்சின் பின்னாடி இருந்தா வண்டி வாலை வீசும்." இப்போது டாடா நானோவைப் பற்றிச் சொல்கிறார்கள். அதற்கு முன் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலைப் பற்றிச் சொன்னார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதே குற்றச்சாட்டு அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பேசப்பட்டிருக்கிறது. ஒரு கார் மாடலின் பெயரே அதில் கெட்டுப்போனது. குற்றச்சாட்டு எவ்வளவு தூரம் உண்மை? வளைவில் வால் வீசுவதற்கு எஞ்சின் இருக்கும் இடம்தான் காரணமா? வேண்டுமென்றே வாலை வீசவிட்டு ஓட்டும் டிரிஃப்ட் என்ற வித்தைக்கு இந்தக் கார்கள் ஏற்றவையா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சின் பின்னால் இருப்பது ஒரு பலவீனம்தான், ஆனால் அது தனியாக யாரையும் கவிழ்ப்பதில்லை. பின் சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு, டயரும் அதன் காற்றும், வளைவுக்குள் ஓட்டுநரின் வலது கால் செய்யும் காரியம் ஆகிய மூன்றும்தான் பெரும் பங்குக் குற்றவாளிகள்.

முதலில் வளைவில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு கார் திரும்பும்போது அதைத் திருப்புவது ஸ்டியரிங் அல்ல, நான்கு டயர்களும் தரையைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும் பிடிப்புதான். முன் டயர்களின் பிடி முதலில் தளர்ந்தால் எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேரே போகப் பார்க்கும். இது அண்டர்ஸ்டியர். பின் டயர்களின் பிடி முதலில் தளர்ந்தால் வால் வெளியே வீசும், மூக்கு உள்ளே சுழலும். இது ஓவர்ஸ்டியர். முன்னதில் பயந்துபோன ஓட்டுநர் இயல்பாகச் செய்வது, அதாவது காலை எடுப்பது, வண்டியைக் காப்பாற்றும். பின்னதில் அதே செயல் வண்டியைச் சுழற்றிவிடும். இந்த ஒரு வேறுபாட்டில்தான் முழுச் சர்ச்சையும் அடங்கியிருக்கிறது.

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற கணக்கு தெரியும். மூட்டைகளைப் பின்னால் தள்ளி அடுக்கினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே தூக்கும், வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. எஞ்சினைப் பின்னால் வைத்த காரும் பின்பாரம் ஏற்றிய வண்டிதான். முன் டயர்கள் லேசாகத் தரையைத் தொடுகின்றன. ஸ்டியரிங் கைக்கு எளிதாக இருக்கும், ஆனால் முன் டயர்களுக்குக் கட்டளையிடும் வலு குறைவு. பின் டயர்கள் மீது பாரம் அதிகம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பாரம் இரட்டித்தால் டயரின் பக்கவாட்டுப் பிடிப்பும் இரட்டிப்பதில்லை, அதைவிடக் குறைவாகவே கூடுகிறது. ஆகவே ஒரே அளவு டயரை நான்கு பக்கமும் மாட்டினால், அதிக பாரம் சுமக்கும் பின் டயர்கள்தான் வளைவில் முதலில் களைத்துப்போகும். மேலும், கனமான பொருள் வண்டியின் நடுவிலிருந்து விலகி இருப்பதால் சுழலத் தொடங்க நேரமாகும். ஒருமுறை சுழலத் தொடங்கிவிட்டால் நிறுத்தவும் நேரமாகும்.

வளைவின் நடுவில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுத்தால் என்ன ஆகும்? ஆட்களோடு 750 கிலோ வரும் நானோவை எடுத்துக்கொள்வோம். அதன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,230 மில்லிமீட்டர். எடை மையம் தரையிலிருந்து ஏறக்குறைய அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், காலை எடுத்ததும் வரும் மிதமான வேகக் குறைவில் பின் சக்கரங்களிலிருந்து முன் சக்கரங்களுக்குப் போகும் பாரம் 17 கிலோ அளவுதான். பதறிப்போய் பிரேக்கை நன்றாக மிதித்தால் அது 85 கிலோவைத் தாண்டும். பக்கவாட்டில் முழுப் பலத்தையும் செலவிட்டுக்கொண்டிருக்கும் பின் டயருக்கு அந்த நேரத்தில் பாரமும் குறைகிறது, வண்டியை நிறுத்தும் வேலையும் சேர்கிறது. வால் வீசுவது இந்தக் கணத்தில்தான். "வளைவுக்கு முன்னாடி பிரேக், வளைவுக்குள்ள லேசா ஆக்ஸிலேட்டர்" என்று மலைப்பாதை ஓட்டுநர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் பாடத்தின் காரணமும் இதுதான். பின் எஞ்சின் காருக்கு அந்தப் பாடம் இரண்டு மடங்கு பொருந்தும்.

இதுவரை சொன்னது எஞ்சின் மீதான குற்றம். இனி உண்மையான பெரிய குற்றவாளிக்கு வருகிறேன். அதைப் புரிந்துகொள்ள ஜெர்மனிக்குப் போக வேண்டாம், சென்னைக்குப் போனால் போதும்.

சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961இல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டின் இந்தியப் பிறப்பு அது. 948 சிசி எஞ்சின், ஒடுக்கமான தெருவிலும் ஏழரை மீட்டர் வட்டத்துக்குள் திரும்பிவிடும் அபாரமான ஸ்டியரிங். எஞ்சின் முன்னால்தான் இருந்தது. ஆனால் பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில். அதாவது டிஃபரன்ஷியல் சட்டத்தோடு நிலையாக நிற்கும். அதன் இரு பக்கமும் ஒவ்வொரு அரை அச்சு, உள்முனையில் மட்டும் மூட்டு, வெளிமுனையில் சக்கரம் விறைப்பாகப் பொருத்தப்பட்டிருக்கும். அச்சு மேலும் கீழும் ஆடும்போது சக்கரமும் அதே கோணத்தில் சாயும். ஜாக்கி வைத்து ஹெரால்டின் பின்பக்கத்தைத் தூக்கினால் இரண்டு சக்கரங்களும் அடிப்பக்கம் உள்நோக்கி மடங்கித் தொங்குவதைப் பார்த்தவர்கள் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள்.

ஓட்டத்தில் இந்த அமைப்பு என்ன செய்கிறது? வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்கப் பின் சக்கரத்தின் மீது தரை உள்நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் அரை அச்சு வழியாக வண்டியின் பின்பக்கத்தை மேலே உயர்த்துகிறது. உயர்ந்ததும் சக்கரம் அடியில் மடிகிறது. மடிந்ததும் டயரின் முழு அகலம் தரையில் படியாமல் ஓரத்தில் நிற்கிறது, பிடிப்பு சட்டென்று விழுகிறது. இரு சக்கரங்களுக்கும் இடையிலான அகலம் குறைந்து, எடை மையமும் உயர்ந்துவிடுவதால் கவிழும் ஆபத்தும் கூடுகிறது. எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். முன்னறிவிப்பே இருக்காது என்பதுதான் இதில் கொடியது.

எஞ்சின் முன்னால் இருந்தும் ஹெரால்டுக்கு இந்தக் குணம் இருந்தது. இங்கிலாந்தில் டிரையம்ஃப் தன் பிந்தைய மாடல்களில் வில்லின் அமைப்பை மாற்றி இதைச் சரிசெய்தது. சென்னையில் இன்னும் நேரான வழியை எடுத்தார்கள். 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டுக்குப் பதிலாக வந்த ஸ்டாண்டர்ட் கெஜல் காரில் ஸ்விங் ஆக்ஸிலையே கழற்றிவிட்டு, மெக்கானிக்குகளுக்குப் பழகிய ஒற்றை நேர் அச்சை வைத்தார்கள். சர்ச்சைக்கு நம் நாட்டிலேயே கிடைத்த மிக நல்ல சாட்சி இது. எஞ்சின் அதே இடத்தில் இருந்தது, அச்சு மாறியதும் குணம் மாறியது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பீட்டிலைப் பாருங்கள். எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது, பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில். இரண்டு குறைகளும் ஒரே வண்டியில் சேர்ந்துவிட்டன. அதற்கு முன்பே, 1930களில், செக்கோஸ்லோவாக்கியாவின் டாட்ரா 87 காரில் பொறியாளர் ஹான்ஸ் லெட்விங்கா காற்றில் குளிரும் வி8 எஞ்சினையே பின்னால் வைத்து, ஸ்விங் ஆக்ஸிலும் கொடுத்திருந்தார். நேர்ச்சாலையில் காற்றைக் கிழித்துப் பறந்த அந்தக் கார் வளைவில் கெட்ட பெயர் வாங்கியது. பீட்டில் அவ்வளவு வேகம் போகாதது அதைப் பெருமளவு காப்பாற்றியது. 1960களின் பிற்பகுதியில் ஃபோக்ஸ்வேகன் பின் அச்சுக்குச் சமன்செய்யும் கம்பி கொடுத்தது. பிறகு சில மாடல்களில் அரை அச்சின் இரு முனையிலும் மூட்டு வைத்து, சக்கரம் மடிவதையே ஒழித்தது. 2003 வரை 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல் உற்பத்தியான கார் அது. இலங்கையின் மலைச் சாலைகளில் பழைய பீட்டில்கள் இன்னும் ஓடுகின்றன. எஞ்சின் இருக்கும் இடம் மட்டுமே உயிரை வாங்கும் என்றால் இத்தனை காலம் இத்தனை பேர் ஓட்டியிருக்க மாட்டார்கள்.

உலகமே கவனித்த வழக்கு ஷெவ்ரலே கார்வேர். 1960 மாடலாக அமெரிக்காவில் வந்தது. ஆறு சிலிண்டர் எஞ்சின் பின்னால், எடையில் 60 சதவீதத்துக்கும் மேல் பின் சக்கரங்கள் மீது, அதோடு ஸ்விங் ஆக்ஸில். உடல் சாய்வதைக் கட்டுப்படுத்த முன்பக்கம் வைத்திருக்க வேண்டிய ஸ்டெபிலைசர் கம்பியைச் செலவு கருதி விட்டுவிட்டார்கள். அதற்கு ஈடாக முன் டயரில் 15 பிஎஸ்ஐ, பின் டயரில் 26 பிஎஸ்ஐ காற்று வைக்கச் சொன்னார்கள். முன் டயர் தொளதொளவென்று இருந்தால் அதன் பிடி முதலில் தளரும், வால் காப்பாற்றப்படும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் எந்த பெட்ரோல் பங்கில் எந்தப் பையன் ஒரே காரின் முன்னும் பின்னும் இவ்வளவு வித்தியாசமாகக் காற்றடிப்பான்? நான்கிலும் ஒரே அளவு அடித்து அனுப்பினார்கள், கார் வாலை வீசியது. ஒரு காரின் பாதுகாப்பை முழுக்கக் காற்றடிப்பவரின் கவனத்தில் ஒப்படைத்தது பொறியியல் பிழை என்றே நான் சொல்வேன்.

1965இல் ரால்ஃப் நேடர் எழுதிய 'அன்சேஃப் அட் எனி ஸ்பீடு' நூலின் முதல் அத்தியாயமே கார்வேரைப் பற்றியது. அந்த நூல் அமெரிக்க வாகனப் பாதுகாப்புச் சட்டங்களுக்கே வழி திறந்தது. ஆனால் நூல் வருவதற்குள் கார் மாறிவிட்டிருந்தது. 1964 மாடலில் குறுக்கு வில் சேர்த்தார்கள், 1965 மாடலில் ஸ்விங் ஆக்ஸிலையே விட்டுவிட்டுப் புதிய பின் சஸ்பென்ஷன் வைத்தார்கள். எஞ்சின் மட்டும் பின்னாலேயே இருந்தது. அந்தப் பிந்தைய கார்வேர் ஓட்டத்துக்கு நல்ல கார் என்று பெயர் எடுத்தும் பழைய பழி போகவில்லை. 1969இல் உற்பத்தி நின்றது. 1972இல் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு பழைய கார்வேரையும் சோதித்து, அதே காலத்து மற்றக் கார்களைவிட அது அசாதாரணமாக ஆபத்தானதல்ல என்று அறிக்கை கொடுத்தது. இதைக் காட்டி நேடர் பொய் சொன்னார் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் சேரமாட்டேன். மற்றக் கார்களும் மோசமாக இருந்தன என்பது ஒரு காரை நல்லதாக்கிவிடாது. தெரிந்தே விட்ட ஒரு கம்பியைப் பற்றி அவர் எழுப்பிய கேள்வி நியாயமானது.

எஞ்சினைப் பின்னால் வைத்தே தீருவேன் என்று நின்று வென்றது போர்ஷே. 1963இல் காட்டப்பட்ட 911 காரின் தொடக்கத் தயாரிப்புகளில் மூக்கு லேசாக இருந்ததைச் சமாளிக்க முன் பம்பரின் ஓரங்களில் கனக்கட்டிகளை ஒளித்துவைத்தார்கள். கட்டியை வைத்து எடையைக் கூட்டுவது எந்தப் பொறியாளருக்கும் பெருமை தராது. 1969 மாடலில் பின் சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னால் நகர்த்தினார்கள். தொங்கும் எஞ்சினுக்கும் அச்சுக்கும் இடையே தூரம் குறைந்தது. 1975இல் வந்த டர்போ மாடல் மறுபடியும் பயமுறுத்தியது. டர்போவின் பலம் தாமதமாக, மொத்தமாக வந்து விழும். வளைவின் நடுவில் அது வந்தால் பின் டயர் தாங்காது, பயந்து காலை எடுத்தாலும் தாங்காது. அகலமான பின் டயர்கள், 1990களில் வந்த பல இணைப்புப் பின் சஸ்பென்ஷன் என்று அடுக்கடுக்காகத் திருத்தி, இன்று யாரும் குறை சொல்ல முடியாத இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எஞ்சின் இன்னும் பின்னால்தான்.

இங்கிலாந்தின் பின் எஞ்சின் காரான ஹில்மன் இம்ப் 1963இலேயே இதைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தது. பின்பக்கம் சாய்ந்த கைகளால் சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் செமி டிரெய்லிங் ஆர்ம் அமைப்பைக் கொடுத்து, ஸ்விங் ஆக்ஸிலை வேண்டுமென்றே முன்பக்கம் போட்டார்கள். முன் டயர் முதலில் தளரட்டும் என்ற யோசனை. 1965இல் ரோஸ்மேரி ஸ்மித் அந்தச் சின்னக் காரில் ஐரோப்பாவின் டியூலிப் ரேலியை வென்றார்.

இப்போது டிரிஃப்ட். வாலை வீசவிட்டு ஓட்டுவது முதலில் காட்சிக்காக வந்ததல்ல. பனியும் சரளையும் நிறைந்த மலைச்சாலைகளில் ரேலி ஓட்டுநர்கள் வண்டியை வளைவுக்கு முன்பே எதிர்ப்பக்கம் லேசாக ஆட்டி, வாலைக் கிளப்பி, ஆக்ஸிலேட்டரால் அந்தச் சறுக்கலைப் பிடித்து வளைவைக் கடந்தார்கள். பின் எஞ்சின் கார்கள் இதில் கொடிகட்டிப் பறந்தன. மான்டி கார்லோ ரேலியை 1968 முதல் 1970 வரை தொடர்ந்து மூன்று ஆண்டும் போர்ஷே 911 வென்றது. பிரான்சின் ஆல்பைன் ஏ110, எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருந்த கண்ணாடியிழைக் கார், 1971இலும் 1973இலும் அதே ரேலியை வென்றது; 1973இல் முதல் உலக ரேலி உற்பத்தியாளர் பட்டமும் அதற்கே கிடைத்தது. காரணம் எளிது. ஓட்டும் சக்கரங்களின் மேல் எஞ்சினே உட்கார்ந்திருப்பதால் வழுக்கும் ஏற்றத்தில் சக்கரம் வீணாகச் சுற்றாது. காலை எடுத்தாலே வால் கிளம்பிவிடுவதால் வண்டியைத் திருப்பத் தொடங்குவதும் எளிது.

ஆனால் ஜப்பானிய மலைச்சாலைகளில் வளர்ந்து பின் போட்டியாக மாறிய டிரிஃப்ட் வேறு வகை. அங்கே நோக்கம் நேரத்தை மிச்சப்படுத்துவதல்ல, நீண்ட சறுக்கலைப் பெரிய கோணத்தில் நிலையாகப் பிடித்து வைத்திருப்பது. அதற்கு அங்கே கொண்டாடப்பட்டது எஞ்சின் முன்னால் இருந்து பின் சக்கரம் ஓடும் டொயோட்டா ஏஇ86 போன்ற கார்கள். பின் எஞ்சின் காரில் கோணம் ஒரு எல்லையைத் தாண்டினால், லேசான முன் டயர்களுக்கு அந்தக் கனமான வாலைத் திரும்ப இழுக்கும் வலு கிடையாது. சின்னச் சறுக்கலில் அது கெட்டிக்காரன்; நீண்ட சறுக்கலில் ஓட்டுநரை ஏமாற்றிவிடும். படங்களையும் வீடியோக்களையும் பார்த்துவிட்டுப் பழைய பின் எஞ்சின் காரில் இதை முயல்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இது.

இவ்வளவு பேசிவிட்டு, நம் தெருவில் தினமும் ஓடும் பின் எஞ்சின் வண்டியை விட்டுவிடக் கூடாது. பஜாஜ் நிறுவனம் 1977இல் பின் எஞ்சின் ஆட்டோவைக் கொண்டுவந்தது. மூன்று சக்கர வண்டிக்கு வால் வீசுவதைவிடக் கவிழ்வதுதான் ஆபத்து. முன் சக்கரத்தையும் வெளிப்பக்கப் பின் சக்கரத்தையும் இணைக்கும் ஒரு கோட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்; எடை அந்தக் கோட்டைத் தாண்டினால் வண்டி கவிழும். எடை மையம் பின்னால் போகப் போக அந்தக் கோட்டிலிருந்து தூரம் கூடுகிறது. எனவே பின்பாரம் ஆட்டோவுக்குப் பாதுகாப்பு. திரும்பிக்கொண்டே பிரேக் பிடிப்பதுதான் ஆட்டோவைக் கவிழ்க்கிறது, அப்போது எடை முன்னோக்கி, ஒற்றைச் சக்கரத்தை நோக்கிப் போகிறது.

நானோவுக்கு வருகிறேன். 2008 ஜனவரியில் டில்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டப்பட்டு, 2009 மார்ச்சில் அறிமுகமாகி, 2018இல் உற்பத்தி நின்ற கார். விலைக்காகவே பேசப்பட்டது, விலைக்காகவே ஏளனமும் செய்யப்பட்டது. அதன் அடிப்பக்கத்தை யாரும் கவனிக்கவில்லை என்பது என் ஆதங்கம். 624 சிசி இரட்டைச் சிலிண்டர் அலுமினிய எஞ்சின் பின் அச்சை ஒட்டியே இருக்கிறது, பீட்டில் போலவோ 911 போலவோ வெகுதூரம் தொங்கவில்லை. பின் சஸ்பென்ஷன் செமி டிரெய்லிங் ஆர்ம், அதாவது இம்ப் எடுத்த பாதை, சக்கரம் மடியாது. எல்லாவற்றுக்கும் மேல், முன்னால் 135/70 ஆர்12, பின்னால் 155/65 ஆர்12 என்று இரு அளவு டயர்கள். அதிக பாரம் சுமக்கும் பின்பக்கத்துக்கு அகலமான டயர், முன்பக்கத்துக்கு வேண்டுமென்றே ஒடுக்கமான டயர். அளவு மீறினால் முன் டயர்தான் முதலில் தளர வேண்டும், ஓட்டுநர் பயந்து காலை எடுத்தால் வண்டி அடங்க வேண்டும். கார்வேர் காற்றை நம்பிச் செய்ததை நானோ டயரின் அகலத்தால் செய்தது. மலிவான காரில் இரண்டு அளவு டயர் வைப்பது உற்பத்தியாளருக்குச் சிரமமான முடிவு. அதைச் செய்தார்கள் என்பதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. திரும்பும் ஆரமும் 4 மீட்டர்தான், கொண்டை ஊசி வளைவுக்கு இதைவிடத் தோதான கார் குறைவு.

குறைகளும் உண்டு. 1,495 மில்லிமீட்டர் அகலத்துக்கு 1,652 மில்லிமீட்டர் உயரம். வளைவில் உடல் சாயும், பக்கக் காற்றுக்கு அசையும். 2014இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் அதற்கு ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. வளைவில் அடங்கி நடப்பதும் மோதும்போது ஆளைக் காப்பதும் வெவ்வேறு விஷயங்கள். ஆனால் "வாலை வீசும்" என்ற பழி நானோவுக்குப் பொருந்தாது. அது வேறு கார்கள் சம்பாதித்த கெட்ட பெயர்.

நம் மலைப்பாதைக்கு இந்தக் கணக்கைப் பொருத்திப் பார்த்தால் சில ஆச்சரியங்கள் கிடைக்கின்றன. ஏற்றத்தில் எடை பின்னால் சரியும் என்று எல்லாரும் நினைப்பார்கள். 15 அடிக்கு 1 அடி ஏறும் சாலையில் நானோவில் அப்படிச் சரிவது 11 கிலோ மட்டும்தான். ஏற்றத்தில் பின் எஞ்சின் கார் நன்றாக இழுப்பதற்குச் சரிவு காரணமல்ல, எஞ்சின் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருப்பதுதான் காரணம். முன் சக்கரம் ஓடும் கார் ஈரமான கொண்டை ஊசியில் உள்பக்கச் சக்கரத்தைச் சுற்றவிடும்போது இது அமைதியாக ஏறிவிடும்.

இன்னொன்று. எல்லாரும் பயப்படும் கொண்டை ஊசி வளைவு, வால் வீசும் இடமே அல்ல. 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் நல்ல தார்ச்சாலையில்கூட 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட முடியாது. முதல் கியரிலோ இரண்டாவதிலோதான் திரும்புகிறோம். ஆபத்து இரண்டு ஊசிகளுக்கு நடுவே வரும் அகலமான வளைவுகளில் இருக்கிறது. 30 மீட்டர் ஆரமுள்ள வளைவு உலர்ந்திருக்கும்போது 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாங்கும். சாரல் விழுந்து, இலையும் மண்ணும் படிந்திருந்தால் அதே வளைவின் எல்லை 40க்குக் கீழே வந்துவிடும். நேற்று மாலை 45இல் கடந்த இடத்தை இன்று காலை அதே 45இல் கடப்பவர் வண்டியின் மேல் பழி போடுகிறார். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்றோடு வரும் சாரல், ஐப்பசி கார்த்திகை மழை இரண்டும் இந்தப் பாதைகளின் எல்லையை மாதக்கணக்கில் மாற்றி வைக்கின்றன.

இறக்கம்தான் பின் சக்கரம் ஓடும் வண்டிக்கு உண்மையான பரீட்சை. கியரில் இறக்க வேண்டும், நியூட்ரலில் விடக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எஞ்சின் பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. ஈரச்சாலையில் வளைவுக்குள் நுழைந்த பிறகு கியரைக் குறைத்து கிளட்சைச் சட்டென விட்டால், ஹேண்ட் பிரேக் இழுத்ததற்குச் சமம். கியரை நேர்ச்சாலையில் குறைத்துவிட்டு வளைவுக்குள் போவதே முறை. பின் பிரேக்கும் முன் பிரேக்கும் ஏறக்குறையச் சமமாகப் பாரத்தைப் பகிர்ந்துகொள்வதால், நேராக நிறுத்துவதில் பின் எஞ்சின் கார் உண்மையில் நல்ல வண்டி. நேராக இருக்கும்போதே நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

சறுக்கிப் பார்க்க ஆசைப்படும் இளைஞர்களைத் திட்டி ஒதுக்கத் தேவையில்லை. வண்டியின் எல்லையைத் தெரிந்துகொள்ளும் ஆசை அது. தமிழ்நாட்டில் அதற்கு இடமும் மரபும் இருக்கின்றன. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் வந்தது. கோவையின் எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார்; பந்தய வீரர் நரேன் கார்த்திகேயன் தொடங்கியது அந்த வகைக் காரில்தான். கரிவரதனின் பெயரைத் தாங்கிக் கோவை செட்டிபாளையத்தில் ஒரு தடம் இருக்கிறது. அங்கே சுழன்றால் மண்ணில் போய் நிற்கும். போடிமெட்டில் சுழன்றால் எதிரே ஏறி வருவது ஏலத்தோட்டத்துப் பெண்கள் பதினைந்து பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கும் ஜீப். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184, 189 பிரிவுகள் பொதுச்சாலையில் ஆபத்தாக ஓட்டுவதையும் பந்தயம் விடுவதையும் குற்றம் என்கின்றன. அந்த ஜீப்பை நினைத்தால் சட்டப் பிரிவே தேவைப்படாது.

பின் எஞ்சின் காரோ பழைய ஸ்விங் ஆக்ஸில் காரோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நானோவின் முன் சக்கரத்துக்குப் பார்வைக்காக அகலமான டயர் மாட்டாதீர்கள். பொறியாளர்கள் யோசித்து வைத்த பாதுகாப்பை நீங்களே கழற்றிவிடுகிறீர்கள். பின்னால் குறிக்கப்பட்ட அளவுக்கு ஒடுக்கமான டயர் ஒருபோதும் வேண்டாம். காற்றடிக்கும்போது முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று கையேட்டைப் பார்த்துத் தனித்தனியாகச் சொல்லுங்கள். நான்கிலும் ஒரே அளவு என்று சொல்லிவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்திருக்காதீர்கள். பீட்டிலோ ஹெரால்டோ வைத்திருந்தால் ஸ்விங் ஆக்ஸிலின் ரப்பர்களும் ஷாக் அப்சார்பர்களும் தேய்ந்திருக்கின்றனவா என்று சாரல் தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். மலையில் ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள், அது விதியும்கூட.